மடிக்கணினி: பெரிதோ, சிறிதோ?

முன்னாளில் நமது கல்லூரிக்குக் கற்க வந்தோர் ஒரு டிரங்குப் பெட்டியும், ஒரு பாயும், ஒரு விளக்கும் கொண்டுவரின் அதுவே போதுமானதாயிருந்தது. இக்காலத்து மாணாக்கர்க்கோ லேப்டாப் என வழங்கும் மடிக்கணினி அப்பெட்டியினும் இன்றியமையாததாகிவிட்டது. பாடக்குறிப்பு எழுதுதல், கட்டுரை ஒப்புவித்தல், நூல் தேடுதல், விண்ணப்பம் அனுப்புதல், நேர்முகத் தேர்விற்கு முகங்காட்டுதல் ஆகிய யாவும் அதன்வழியே நடைபெறுகின்றன. ஆகவே ஆண்டுதோறும் ஆனித் திங்களில் கல்லூரி திறந்தவுடன், "ஐயா, இவ்விரண்டில் எதனை வாங்குவது?" என்று கையில் இரண்டு விலைப்பட்டியல்களோடு வந்து வினவும் மாணவரும் பெற்றோரும் பலராயினர். அவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே வகையானவை. ஒன்று 14 அங்குலத் திரையும், ஒன்றரைக் கிலோவுக்குட்பட்ட எடையும், தனியே கிராபிக்ஸ் சில்லு இல்லாத அமைப்பும் உடையது. மற்றது 15.6 அங்குலத் திரையும், இரண்டேகாற் கிலோவுக்குக் குறையாத எடையும், தனிக் கிராபிக்ஸ் சில்லும் உடையது. கடைக்காரர் இதனைக் கேமிங் லேப்டாப் என்பர். இவ்விரண்டினுள் எது நம்மனோர்க்குப் பொருந்துவது என்பது பற்றி என் கருத்தினை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

இஃது அற்ப விஷயம் என்று சிலர் கருதலாம். அற்பமன்று. முன்னதன் விலை ரூ. 50,000 என்றும் பின்னதன் விலை ரூ. 75,000 என்றும் உதாரணமாகக் கொள்வோம். இவ்விலையுள் நூற்றுக்குப் பதினெட்டு வீதம் ஜி.எஸ்.டி. வரியும் அடங்கும். 2025-26ஆம் ஆண்டுக் கொள்முதற் பருவத்தில் தமிழக அரசு சன்னரக நெல்லுக்குக் குவிண்டால் ஒன்றுக்கு ரூ. 2,545 என்றும் பொது ரகத்திற்கு ரூ. 2,500 என்றும் விலை வகுத்தது. இவ்விலைப்படி நோக்கின், சிறிய கணினி என்பது கொள்முதல் நிலையத்தில் எடைபோடப்பெறும் நாற்பது கிலோச் சிப்பங்களில் ஏறக்குறைய ஐம்பது. பெரியது ஏறக்குறைய எழுபத்தைந்து. இரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடு மட்டும் இருபத்தைந்து சிப்பம் நெல்லாம். அது ஒரு மா நிலத்தின் ஒரு போகத்து விளைவை ஏறக்குறைய முழுதுமாக விழுங்குவது. விதை, உழவு, நடவு, உரம், அறுவடை இயந்திரத்தின் வாடகை இவையெல்லாம் போக மிஞ்சுவதைக் கொண்டு கணக்கிடின், ஒரு மாவன்று, பல மா வேண்டும். தாயின் வளையலை அடகுவைத்துக் கணினி வாங்கும் குடும்பங்கள் இந்நாட்டில் உண்டென்பதை நாமறிவோம். இன்னொரு வகையாகவும் எண்ணிப் பார்க்கலாம். 2022இல் தொடங்கப்பெற்ற புதுமைப் பெண் திட்டமும், 2024இல் தொடங்கப்பெற்ற தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாணாக்கர்க்கு வகுத்த உதவித்தொகை திங்கள் ஒன்றுக்கு ரூ. 1,000. மேற்கூறிய வேறுபாட்டுத் தொகை அவ்வுதவியில் இருபத்தைந்து திங்கள்! மூவாண்டுப் பட்டப்படிப்பில் பெரும்பகுதி அதிலேயே கழிந்துவிடும்.

அரசாங்கமே கணினி வழங்குகின்றதே எனின், வழங்கியது உண்மையே. 2011ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் லட்சக்கணக்கான மாணாக்கர் கையில் முதன்முதலாக ஒரு கணினியைத் தந்தது. நெடுநாள் இடைவெளிக்குப் பின்னர், 2025 மார்ச்சில் வெளியிட்ட வரவுசெலவுத் திட்டத்தில் கல்லூரி மாணவர் இருபது லட்சம் பேர்க்கு மடிக்கணினியோ கைக்கணினியோ அவரவர் விருப்பப்படி வழங்கப்பெறும் என்று அறிவித்து, 2026 சனவரியில் மடிக்கணினிகளை வழங்கத் தொடங்கிற்று. அவ்வாறு வழங்கப்பெற்றவை 8 ஜி.பி. ரேமும் 256 ஜி.பி. சேமிப்பும் உடையவை. தனிக் கிராபிக்ஸ் அவற்றில் இல்லை. இதனைப் பெற்ற மாணவர் சிலர், "இது பாட்டுக் கேட்கத்தான் உதவும்" என்று இகழக் கேட்டிருக்கிறேன். அவ்விகழ்ச்சி நியாயமானதா என்பது கீழ்க்கூறும் விஷயங்களால் விளங்கும்.

முதலில் திரையின் அளவை நோக்குவோம். திரையின் அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை அளப்பது. அகலத்தையேனும் உயரத்தையேனும் அது தனியே தெரிவிப்பதில்லை. 15.6 அங்குலத் திரை பெரும்பாலும் பதினாறுக்கு ஒன்பது என்னும் வீதத்தில் அமைந்தது. அதன் அகலம் 13.6 அங்குலம், உயரம் 7.65 அங்குலம். இக்காலத்து 14 அங்குலத் திரைகள் பல பதினாறுக்குப் பத்து என்னும் வீதத்தில் அமைந்து வருகின்றன. அவற்றின் அகலம் 11.9 அங்குலம், உயரம் 7.42 அங்குலம். உயரத்தில் உள்ள வேறுபாடு காலங்குலமும் இல்லை என்பதைக் காண்க! பெரியதன் பெருமையெல்லாம் பக்கவாட்டிலேயே உளது. படிப்போனுக்கு வேண்டுவது மேலிருந்து கீழாகச் செல்லும் வரிகள். திரைப்படம் காண்போனுக்கும், பல பத்திகளையுடைய கணக்குத்தாளை விரித்து வைப்போனுக்கும், இரண்டு சாளரங்களை அருகருகே திறப்போனுக்கும் அகலம் உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் ஒரு நூலின் பக்கத்தைப் படிப்பவனுக்கு இரு மருங்கும் வெறிதே கிடக்கும் வெள்ளை வெளியால் ஆவதென்ன? 14 அங்குலத்திலும் பதினாறுக்கு ஒன்பது வீதமுடைய திரை உண்டு. அதன் உயரம் 6.9 அங்குலத்திற்கும் சற்றுக் குறைவு. அது கட்டுரை எழுதுவோர்க்குக் குறுகியதே. ஆகவே "14" என்னும் எண்ணை மட்டும் கேட்டு ஏமாறற்க.

நீண்டு குறுகிய ஏட்டில் எழுதுதல் நம் முன்னோர்க்குப் புதிதன்று. தஞ்சைச் சரசுவதி மகால் நூல்நிலையத்துப் பனையோலைச் சுவடிகளைக் கண்டவர் அறிவர். ஓலையின் நீளம் ஓரடிக்கும் மேற்படும், அகலம் ஓரிரு அங்குலமே. ஆயின் அது பனைமரம் விதித்த அளவு. படிப்போன் விரும்பிக் கொண்டதன்று. காகிதம் வந்த பின்னர் எல்லோரும் உயரமான பக்கத்திற்கே மாறினர். வரி நீளுமாயின் கண்ணானது அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடி அலையும் என்பதே காரணம்.

இனித் திரையின் நுண்மை. பிக்சல் என்னும் நுண்புள்ளிகள் எத்துணை நெருக்கமாக அமைந்துள்ளனவோ அத்துணை எழுத்து தெளிவுறும். 1920க்கு 1200 புள்ளியுடைய 14 அங்குலத் திரையில் அங்குலத்திற்கு ஏறக்குறைய 162 புள்ளி. 1920க்கு 1080 உடைய 15.6 அங்குலத் திரையில் 141. இன்னும் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 1366க்கு 768 உடைய 15.6 அங்குலத் திரையிலோ 100 மட்டுமே. ஆங்கில எழுத்துக்கு நூறு புள்ளி ஒருவாறு போதலாம், தமிழுக்குப் போதாது. நமது எழுத்துக்களின் சுழியும் வளைவும் நெருக்கமானவை. ணகரத்தையும் னகரத்தையும் வேறுபடுத்துவது ஒரு சுழி; ரகரத்தையும் காலையும் வேறுபடுத்துவது ஒரு சிறு சாய்கோடு; ககர உகரத்தையும் ஊகாரத்தையும் வேறுபடுத்துவதும் அத்தகையதே. இவை மங்கின் பிழைதிருத்துவோன் கண்ணுக்குப் பிழை புலப்படாது. இச்சஞ்சிகையின் தமிழ்ப் பகுதிக்கு வரும் கட்டுரைகளில் ணகர னகர மயக்கம் மிகுந்துவருவதற்குப் புலவர்கள் பல காரணம் கூறுவர். மலிவான திரையும் அவற்றுள் ஒன்றாகலாமோ என்பது என் ஐயம்.

எழுத்தின் அளவு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் காவிரிக் கடைமடையிலேயே ஒரு பழஞ்சரிதம் உண்டு. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் தமிழில் நூல் அச்சிட விரும்பினார். செருமனி தேயத்து ஹாலே நகரில் தமிழெழுத்துக்கள் வார்க்கப்பெற்று 1713இல் ஈண்டு வந்து சேர்ந்தன. ஆனால் அவ்வெழுத்துக்கள் மிகப் பெரியன. தூரதேசத்தில் அமர்ந்து, தமிழ் எழுத்தின் சுழியைக் கண்டறியாதவர் வார்த்தமையால், சிறிதாக வார்க்க அவர்க்கு இயலவில்லை. பெரிய எழுத்தால் காகிதம் மிகுதியாகச் செலவாயிற்று. கப்பலில் வரும் காகிதமோ அருமையுடையது. ஆகவே சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்த்துக்கொண்டனர். பொறையாற்றில் எழுத்து வார்ப்புச் சாலையும் காகித ஆலையும் அமைத்தனர். 1715இல் புதிய ஏற்பாடு முற்றுப்பெற்றது. எழுத்து பெரிதாக இருத்தலே சிறப்பென்று அவர்கள் எண்ணியிருப்பின், இருந்த காகிதத்தில் அந்நூல் முடிந்திராது. எழுத்து சிறிதாயினும் தெளிவாயிருத்தல் வேண்டும் என்பதே அவர்கள் கண்ட வழி. இன்று திரை வாங்குவோர்க்கும் அதுவே பொருந்தும். 14 அங்குலத் திரையில் எழுத்தின் உருவம் எட்டில் ஒரு பங்கு சிறுக்கும் என்பது உண்மை. ஆனால் இரண்டையும் விண்டோஸில் 125 சதவீத உருப்பெருக்கத்தில் வைத்து நோக்கின், சிறிய திரையில் 960 படிகளும் பெரிய திரையில் 864 படிகளுமே வரிகளுக்கு இடமாகக் கிடைக்கும். சிறியதிலேதான் பக்கம் மிகுதியாகத் தெரியும்! கண்பார்வை குன்றினோர் 150 சதவீதம் வைத்துக்கொள்ளலாம், அப்பொழுது சிறியதில் 800 படி கிடைக்கும், எழுத்தும் பெரிதாகும். எனவே எழுத்துச் சிறிதென்னும் குறை பெரிதன்று.

ஒளியையும் நிறத்தையும் பற்றிச் சில சொற்கள். 250 நிட் ஒளியுடைய திரை அறைக்குள் போதும். திண்ணையில் வைத்துப் படிக்கப் போதாது. 300க்கு மேற்படின் நன்று. 400 இருப்பின் வேப்பமர நிழலிலும் படிக்கலாம். ஐ.பி.எஸ். என்னும் வகைத் திரையை எப்பக்கத்தினின்று நோக்கினும் நிறம் மாறாது, டி.என். என்னும் பழைய வகையைச் சாய்த்து நோக்கினால் வெளிறும். நிறத்திற்கு "45 சதவீத என்.டி.எஸ்.சி." என்று குறிப்புத்தாளில் கண்டால், அது வெளிறிய திரை என அறிக. கேமிங் கணினிகளுள் விலை குறைந்தவை பலவற்றில் இத்தகைய திரையே வருவது வேடிக்கையானது. பணமெல்லாம் சில்லுக்குப் போய்விட, கண்ணுக்கு நேரே நிற்கும் திரைக்கு மிஞ்சுவது சொற்பமே. அத்திரை நொடிக்கு 144 முறை புதுப்பிக்கும் என்று பெருமையாகக் கூறுவர். விரைந்தோடும் விளையாட்டில் அது பயன்படும். அசையாது நிற்கும் எழுத்தைப் படிப்போனுக்கு அறுபதும் நூற்று நாற்பத்து நான்கும் ஏறக்குறைய ஒன்றே.

அடுத்தது கிராபிக்ஸ். திரையில் தோன்றும் ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் கணக்கிட்டு வகுப்பதே இச்சில்லின் தொழில். எல்லாக் கணினியிலும் இது ஒருவகையில் உண்டு. சிறிய கணினியில் இது முதன்மைச் சில்லினுள்ளேயே அடங்கி, கணினியின் பொது ரேமிலிருந்தே தனக்கு வேண்டிய இடத்தைக் கடன் வாங்கும். பெரியதில் இது தனியே நின்று, தனக்கென வேறு நினைவகம் வைத்திருக்கும். உதாரணமாக, என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 4050 என்னும் மடிக்கணினிச் சில்லுக்கு 6 ஜி.பி. தனி நினைவகம். ஆயிரக்கணக்கான சிறு கணக்குகளை ஒருங்கே செய்யவல்லது அது. ஒரு கணக்கன் ஒவ்வொன்றாகக் கூட்டுவதற்கும், நடவுப் பெண்டிர் அறுபதின்மர் ஒரே வயலில் வரிசையாக இறங்குவதற்கும் உள்ள வேறுபாடு எனலாம். வயல் பெரிதாயிருந்தால் அவ்வறுபதின்மரும் வேண்டும். கொல்லைப் பாத்தியில் கீரை விதைக்க அவர்களை அழைத்துக் கூலி கொடுப்பார் உண்டோ?

ஒரு சூழ்ச்சியையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஒரே பெயருடைய சில்லு எல்லாக் கணினியிலும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. மேற்கூறிய 4050 என்பதே 35 வாட் முதல் 115 வாட் வரை பற்பல அளவில் மின்சாரம் ஏற்க அமைக்கப்பெறுகின்றது. மெலிந்த உடலுடைய கணினியில் குறைந்த வாட்டில் அடைத்து, பெயரை மட்டும் மேலே ஒட்டிவிடுவர். விற்பனையாளர் பெயரைக் கூறுவார். வாட்டைக் கேளாமற் கூறார். அவ்வாறே சிறிய கணினியிலும் ஒன்றுண்டு: ரேம் ஒரே பட்டையாக இருப்பின் உள்ளடங்கிய கிராபிக்ஸின் ஆற்றல் வெகுவாகக் குன்றும், 8 ஜி.பி. பட்டை இரண்டாக, மொத்தம் 16 ஆக இருப்பின் அதே சில்லு நன்கு விரையும். எட்டு மட்டும் உடைய கணினியில் கிராபிக்ஸும் அதிலிருந்தே பங்குகொள்வதால், நான்கைந்து வேலைகளை ஒருங்கே திறப்போனுக்கு அது திணறும். அரசு வழங்கிய கணினியைப் பெற்றவர் இகழ்ந்தொதுக்கு முன்னர், அதில் இரண்டாவது பட்டைக்கு இடமுண்டா என்று பார்ப்பது நலம். இடமிருப்பின் புதுக் கணினியின் விலையில் ஒரு சிறு பகுதியில் குறை தீரும்.

யார்க்குத் தனிக் கிராபிக்ஸ் உண்மையில் வேண்டும்? தமிழ், ஆங்கிலம், வரலாறு, வணிகவியல், பொருளியல் பயில்வோர்க்கு வேண்டா. கணிதமும் பௌதிகமும் பயில்வோர் எழுதும் நிரல்கள் பெரும்பாலும் முதன்மைச் சில்லிலேயே ஓடுவன. வரைபடவியலார் கியூ.ஜி.ஐ.எஸ். கொண்டு வெண்ணாற்றுப் பாசனப் பரப்பினை வரைய வேண்டுமெனின் அவர்க்குத் தேவை ரேமும் நல்ல திரையும். கட்டிடப் படத்தைத் தட்டையாக வரையும் ஆட்டோகேட் வேலையும் உள்ளடங்கிய கிராபிக்ஸில் நடக்கும். பிளெண்டர் போன்ற கருவிகளால் முப்பரிமாண உருவம் அமைத்து அசையச் செய்வோர்க்கும், நெடிய காணொளிகளைத் தொகுப்போர்க்கும், கணினிக்குக் கற்பிக்கும் எந்திரக் கற்றல் துறையினர்க்கும் தனிச் சில்லு பெரிதும் வேண்டும். நெற்பயிரின் குலைநோயையும் இலைக்கருகலையும் இலையின் புகைப்படத்தைக் கொண்டே கண்டறியும் நிரலை ஆக்க ஒரு மாணவன் முயல்வானாயின், ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிக் கற்பிக்க உள்ளடங்கிய சில்லுக்கு நாட்கணக்கில் ஆகும் வேலையைத் தனிச்சில்லு மணிக்கணக்கில் முடித்துவிடும். இத்தகைய முயற்சி நம் நாட்டிற்கு மிக வேண்டியதே. ஆயின் கூகிள் கொலாப் முதலிய இடங்களில் தொலைவிலுள்ள கிராபிக்ஸ் சில்லினை ஓரளவு விலையின்றியே இரவல்கொள்ளலாம் என்பதையும் மறத்தலாகாது. அதற்கு வேண்டுவது இணையம் ஒன்றே.

விளையாட்டைப் பற்றி வாய்திறவாது இவ்வளவும் எழுதுவது நேர்மையாகாது. கேமிங் கணினியைக் கேட்கும் இளைஞரிற் பலர்க்கு உண்மையான காரணம் அதன் பெயரிலேயே உளது. விளையாட்டு குற்றமன்று, நம் விடுதி மாணவர் கால்பந்தாடுவதை யாரும் கடிவதில்லை. ஆனால் தந்தையிடம் "படிப்பிற்கு இதுதான் வேண்டும் என்று கல்லூரியில் சொல்லுகிறார்கள்" என்று கூறி வாங்குவது வேறு. கல்லூரியில் அவ்வாறு யார் சொன்னார் என்று அத்தந்தை நம்மை வந்து கேட்குங்கால் நாம் என்ன விடையிறுப்பது?

எடையைப் பற்றி நகரவாசிகள் எண்ணுவதில்லை. நம் மாணாக்கரிற் பெரும்பகுதியினர் திருவையாறு, பாபநாசம், ஒரத்தநாடு, அம்மாபேட்டை ஆகிய ஊர்ப்பக்கங்களினின்று நாடோறும் பேருந்தில் வருவோர். 2021இல் நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணம் நீக்கப்பெற்ற பின்னர்ப் பெண்மக்கள் கல்லூரிக்கு வருவது எளிதாயிற்று, கூட்டமும் மிகுந்தது. சிறிய கணினியும் அதன் 65 வாட் சார்ஜரும் சேர்ந்து ஏறக்குறைய ஒன்றேமுக்கால் கிலோ. பெரியதும், செங்கல்லை ஒத்த அதன் சார்ஜரும் சேர்ந்து மூன்று கிலோ. அதனோடு நூல்கள், சோற்றுப்பாத்திரம், தண்ணீர்ப்புட்டி. ஒரு கையால் கம்பியைப் பற்றிக்கொண்டு முக்கால்மணி நேரம் நிற்றல். பெரிய கணினி வாங்கியோரிற் பலர் இரண்டாந் திங்களிலேயே அதனை வீட்டில் வைத்துவிட்டு வருவதைக் காண்கிறோம். மடியில் வைக்கவும் எடுத்துச்செல்லவும் ஆகாதது மடிக்கணினி ஆகுமோ?

மின்சாரமும் கருதற்பாலது. 56 வாட்மணி கொள்ளும் பேட்டரியுடைய சிறிய கணினி, எழுதும்போதும் படிக்கும்போதும் ஏழு வாட் செலவிடுமாயின் எட்டு மணி நேரம் தாங்கும். பெரியது அதே அளவு பேட்டரியோடு சும்மா இருக்கும்போதே அதனிலும் இருமடங்கு செலவிடக் கூடும். ஆகவே நான்கு மணி. தனிச்சில்லு முழுவேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரம் தாங்குவதும் அரிது. பேட்டரியில் ஓடுங்கால் அச்சில்லு முழுவேகம் காட்டுவதுமில்லை. எனவே அதனை வாங்கியோர் சுவரிலுள்ள மின்செருகியை விட்டு அகலல் ஆகாது. 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலை கஜாப் புயல் நாகைக்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரைகடந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாது போனதை நாம் மறந்தோமல்லோம். ஐப்பசி கார்த்திகையில் பருவத்தேர்வு நடைபெறும் இந்நாட்டில், வீட்டு இன்வெர்ட்டரே பல இரவுகளில் மாணவனுக்குத் துணை. 12 வோல்ட்டில் 150 ஆம்பியர்மணி கொண்ட இன்வெர்ட்டர்ப் பேட்டரி 1,800 வாட்மணி தரும் என்பர். பெரிய கணினி முழுவேகத்தில் 200 வாட் இழுக்குமாயின், மின்விசிறியும் விளக்கும் இன்றித் தானொன்றே எட்டு மணியளவில் அதனை வற்றச்செய்துவிடும். சிறியதோ அவ்விசிறிக்கும் விளக்கிற்கும் குறைவாகவே உண்ணும்.

இங்ஙனமே வெப்பமும் தூசும். அக்கினி நட்சத்திரக் காலத்தில் ஓட்டுக்கூரையின்கீழ் 38 பாகைக்கு மேற்படும் வெப்பத்தில் பெரிய கணினியின் விசிறிகள் இரைந்தாலும் வெப்பம் தணியாது. தணியாதபோது சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விலைகொடுத்து வாங்கிய வேகம் சித்திரையில் கிட்டாது! தைத்திங்களில் அறுவடை இயந்திரங்கள் வயலில் இறங்கியதும் உமியும் சுணையும் கலந்த தூசு ஊரெங்கும் பறக்கும். இரட்டை விசிறியுடைய கணினி அத்தூசினை உள்ளிழுத்து நிரப்பிக்கொள்ளும். வயலருகே வீடுடையோர் எக்கணினியாயினும் ஆண்டுக்கொருமுறை திறந்து துடைப்பித்தல் வேண்டும், பெரியதை ஈருமுறை.

இவ்வளவும் கூறியதால் பெரியதை நான் வெறுப்பதாகக் கொள்ளற்க. எந்த ரகம் சிறந்தது என்று உழவரைக் கேட்டால், "எந்தப் பட்டத்திற்கு?" என்று திருப்பிக் கேட்பார். ஆடுதுறை 43 நூற்றுப்பத்து நாளில் விளைவது. மேட்டூரில் சூன் 12இல் தண்ணீர் திறந்தால் குறுவைக்கு ஏற்றது. சி.ஆர். 1009 என்னும் பொன்மணி நூற்றைம்பது நாளுக்கு மேல் நிற்பது, சம்பாவிற்கே உரியது. தண்ணீர் நெடுநாள் கிடைக்காத நிலத்தில் நெடுநாட் பயிரை இட்டுவிட்டுப் பயிரைப் பழித்துப் பயனில்லை. விடுதியிலேயே தங்கி, ஒரே மேசையில் வைத்து, அசைபடமோ எந்திரக் கற்றலோ தொழிலாகக் கொள்ளப்போகும் மாணவனுக்குப் பெரிய கணினி தக்கதே. அவன் அதனை வாங்கட்டும், ஆனால் வாட்டையும் திரையின் நிறத்தையும் கேட்டு வாங்கட்டும். ஏனையோர்க்கு 14 அங்குலம், பதினாறுக்குப் பத்து வீதம், 16 ஜி.பி. ரேம், 300 நிட்டுக்கு மேற்பட்ட திரை இவையுள்ள சிறிய கணினியே என் துணிபு. அகன்ற திரை வேண்டுமென ஏங்குவோர் மிச்சமாகும் ரூ. 25,000இல் ஒரு பகுதியைக் கொண்டு 24 அங்குல மானிட்டர் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்து ஒரு கம்பியால் இணைத்துக்கொள்ளலாம். கணினி பழுதாகி மாற்றினும் மானிட்டர் பல்லாண்டு உழைக்கும்.

ஆனால் மாணவரை நோக்கி இவ்வாறு அறிவுரை கூறிவிட்டுக் கல்லூரி வாளாவிருத்தல் முறையன்று. ஆண்டில் இரண்டு மூன்று வாரமே தேவைப்படும் தனிக் கிராபிக்ஸ் ஆற்றலை ஒவ்வொரு மாணவனும் தன் தந்தையின் நெல்லை விற்று வாங்கவேண்டும் என்பது பெருந்தவறு. நல்ல கிராபிக்ஸ் சில்லுடைய மேசைக்கணினிகள் ஆறேழு இருப்பின், ஒரு துறையின் மாணவர் அனைவர்க்கும் முறைவைத்துப் போதும். மேசைக்கணினி அதே விலைக்கு மடிக்கணினியினும் மிகுந்த ஆற்றல் தரும், குளிர்ச்சியாக ஓடும், பழுதான உறுப்பை மட்டும் மாற்றலாம். அறுவடை இயந்திரத்தை ஊரில் ஒவ்வொரு குடியானவரும் சொந்தமாக வாங்குவதில்லையே. மணிக்கணக்கில் வாடகைக்கு அமர்த்துகின்றனர். அரிவாளைத்தான் வீட்டில் வைத்திருக்கின்றனர். பழைய மாணவர் சங்கத்தார் ஆண்டுவிழாவின்போது கொடையளிக்கக் கருதும் பொருள்களுள், சுவர்க்கடிகாரத்திற்கும் நினைவுப்பலகைக்கும் முன்னதாக இக்கணினிகளையும் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இதற்கு ஒரு தடை கூறுவர். கணினிக்கூடம் ஐந்து மணிக்குப் பூட்டப்படுகிறது. பேருந்தில் வரும் மாணவன் வகுப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்பவேண்டியவன். அவனுக்கு எப்பொழுது முறை கிடைக்கும் என்பர். தக்க வினாவே. கற்பிக்கும் நிரலை மாலையில் தொடங்கிவிட்டு மறுநாட்காலை வந்து பலனைப் பார்க்கலாம். அதற்கு மாணவன் இரவெல்லாம் அருகிலிருக்கவேண்டுவதில்லை. வீட்டிலிருந்தபடியே தன் சிறிய கணினியால் கூடத்துக் கணினியை இயக்கும் வழியும் உண்டு. அதற்குச் செலவு மிகுதியில்லை, ஏற்பாடு செய்யும் ஒருவர்தாம் வேண்டும். அசைபடம் பயில்வோர்க்கு மட்டும் நேரே அமர்தல் வேண்டும். அவர்க்காகச் சனிக்கிழமைகளில் கூடத்தைத் திறந்துவைக்கலாம். சனிக்கிழமையன்று கூடத்தின் சாவி யாரிடம் இருப்பது என்பதைத் துறைத்தலைவர்கள் கூடி முடிவுசெய்வாராக.